தேக்கு இப்போது எந்தக் குடும்பம்? பழைய தாவரப் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு வழிகாட்டி

600 பெயர்களுக்கு மேல் இருந்த ஒரு பழைய தாவரப் பட்டியலை என்னிடம் கொடுத்து, "குடும்பப் பெயர்களை மட்டும் இன்றைய முறைக்கு மாற்றிக் கொடுங்கள், ஒரு வாரம் போதும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வெர்பினேசி என்று இருந்த இடமெல்லாம் லேமியேசி என்று கணினியில் ஒரே கட்டளையில் மாற்றினேன். தேக்கும் நொச்சியும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. உன்னிச்செடியும் பொடுதலையும் கூடவே போய்விட்டன. அவை போகக் கூடாதவை, இன்றைக்கும் வெர்பினேசிதான். பழைய பெயர்களைத் தனியாக எடுத்து வைக்காததால் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்றே தெரியவில்லை. முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒரு வார வேலை மூன்று மாதம் ஆனது.

உலர்தாவரத் தாள்கள் (உலர்த்திய செடி மாதிரியை ஒட்டிய தாள்கள்), தோட்டத்துப் பெயர்ப்பலகைகள், மாணவர் ஆய்வேட்டின் பின்னிணைப்பு என்று எதை நீங்கள் புதுப்பிப்பதானாலும் வரிசை இதுதான். இந்த வரிசையில் போனால் அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகும்.

1. பட்டியலைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள்

மூலத்தைப் பூட்டி வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். நகலிலும் பழைய நெடுவரிசைகளை அழிக்காமல் பக்கத்தில் புதியவற்றைச் சேருங்கள்: ஏற்கப்பட்ட பெயர், அதன் ஆசிரியர் (அந்தப் பெயரை வெளியிட்டவர்), இன்றைய குடும்பம், எந்த முறைப்படி, எங்கே பார்த்தது, பார்த்த நாள், குறிப்பு. மொத்தம் ஏழு.

"எந்த முறைப்படி" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த ஏழில் அதுதான் முக்கியம். குடும்பப் பெயர் என்பது ஒரு எல்லைக்கோட்டின் பெயர். கோடு நகர்ந்த பிறகும் பெயர் அதேதான் இருக்கும். எந்தக் கோட்டைச் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அந்தப் பெயரால் பயன் இல்லை.

2. பட்டியல் எந்தக் காலத்தது என்று கண்டுபிடியுங்கள்

பட்டியலில் தேதி இல்லாவிட்டாலும் குடும்பப் பெயர்களே ஓரளவு காலத்தைச் சொல்லிவிடும்.

அஸ்கிளிபியடேசி, பாம்பகேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி ஆகியவை தனித்தனிக் குடும்பங்களாக இருந்தால் அந்தப் பட்டியல் டி.என்.ஏ. ஆய்வுக்கு முந்தைய முறையைப் பின்பற்றுகிறது. அச்சிட்ட ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேற்று அச்சான நூல்கூடப் பழைய முறையில் இருக்கலாம். கற்றாழை சாந்தோரியேசியில் இருந்தால் அநேகமாக 2009-க்கும் 2016-க்கும் இடையில் எழுதியது. அதே கற்றாழை அஸ்ஃபோடிலேசியிலும், வெங்காயம் அமரில்லிடேசியிலும் இருந்தால் பெரும்பாலும் புதிய பட்டியல், உங்கள் வேலை பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது, பூக்கும் தாவரங்களை மரபுவழி உறவின்படி வகைப்படுத்தும் ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி குழுமத்தின் முறை. சுருக்கமாக ஏபிஜி. 1998, 2003, 2009, 2016 என்று நான்கு பதிப்புகள் வந்துள்ளன. நான்காம் பதிப்பில் 64 துறைகள் (உறவுள்ள குடும்பங்களைச் சேர்த்த தொகுதிகள்), 416 குடும்பங்கள். உங்கள் குறிப்பில் "ஏபிஜி" என்று மட்டும் எழுதாமல் "ஏபிஜி 4, 2016" என்று எழுதுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

தேவையானவை எல்லாம் இணையத்தில் இலவசம். பணம் கட்டி எதையும் வாங்க வேண்டாம்.

முதலாவது, கியூ தாவரவியல் தோட்டத்தின் 'பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்'. ஒரு பெயரைத் தட்டினால் அது ஏற்கப்பட்டதா, இணைப்பெயரா (அதே செடிக்கு உள்ள, இன்று ஏற்கப்படாத வேறு பெயர்), எந்தக் குடும்பம் என்று சொல்லும். இரண்டாவது, 'வேர்ல்டு ஃபுளோரா ஆன்லைன்'. இதன் பெயர்ப்பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளியாகிறது. பதிப்பைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்ட முடிவதால் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு வசதி. மூன்றாவது, மிசூரி தாவரவியல் தோட்டத்தின் தளத்தில் பீட்டர் ஸ்டீவன்ஸ் பராமரிக்கும் ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி இணையதளம். ஒரு குடும்பம் ஏன் உடைந்தது, ஏன் சேர்ந்தது என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'தி பிளாண்ட் லிஸ்ட்' என்ற தளத்தின் தரவு 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. பழைய கட்டுரைகள் அதைத்தான் மேற்கோள் காட்டும், நீங்கள் அங்கே நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஐபிஎன்ஐ என்பது வெளியிடப்பட்ட பெயர்களின் பதிவேடு. ஒரு பெயர் அங்கே இருக்கிறது என்றால், அந்தப் பெயரை யாரோ ஒருவர் எப்போதோ வெளியிட்டார் என்பதுதான் பொருள். இன்று ஏற்கப்படுகிறது என்று ஆகாது. ஆசிரியர் பெயரையும் வெளியான ஆண்டையும் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

4. எது மாறியிருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"பெயர் மாறிவிட்டது" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வகையில் பெயர் வேறு, செடிகள் அவையே. குடும்பப் பெயர் ஒரு பேரினத்தின் பெயரோடு 'ஏசி' விகுதி சேர்ந்து அமைய வேண்டும் என்பது பெயரிடல் விதி. எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் அந்த விகுதி இல்லாத பழைய பெயரையும் விதியே அனுமதிக்கிறது: காம்போசிட்டே (ஆஸ்டரேசி), குருசிஃபெரே (பிராசிகேசி), கிராமினே (போயேசி), கட்டிஃபெரே (குளுசியேசி), லேபியேட்டே (லேமியேசி), லெகுமினோசே (ஃபேபேசி), பாமே (அரிகேசி), அம்பெல்லிஃபெரே (ஏபியேசி). இவற்றை எழுதியவர் தவறு செய்யவில்லை. பட்டியல் முழுக்க ஒரே பாணி வேண்டும் என்பதற்காக மாற்றலாம், பிழை என்று குறிக்கக் கூடாது.

இரண்டாம் வகையில் எல்லை மாறியிருக்கும். ஒரு குடும்பம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வழிவந்த எல்லாமும் அதில் அடங்க வேண்டும் என்பது இன்றைய கொள்கை. ஒரு பாட்டனின் பேரப்பிள்ளைகளில் நாலு பேரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் குடும்பம் என்று சொல்ல முடியாது. அப்படி விடுபட்டிருந்தால் ஒன்று அவர்களைச் சேர்க்க வேண்டும், இல்லை வீட்டையே பிரிக்க வேண்டும். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்த வகைக்குத்தான் போகும்.

மூன்றாம் வகையில் செடி தவறான இடத்தில் இருந்திருக்கும். தாமரையை நெடுங்காலம் அல்லியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டும் நீரில் வளர்பவை, பூவும் பார்வைக்கு நெருக்கம். மரபணுச் சான்று தாமரையைப் புரோட்டியேல்ஸ் துறைக்குக் கொண்டுபோனது. அங்கே அதன் நெருங்கிய உறவு, சாலையோர நிழல்மரமான பிளாட்டனஸ். தாமரை நெலும்போனேசி, அல்லி நிம்ஃபியேசி.

கற்றாழையின் கதையில் முதல் இரண்டு வகைகளும் கலந்திருக்கின்றன. லில்லியேசியிலிருந்து அது பிரிந்தது எல்லை மாற்றம். ஆனால் 2009-இல் சாந்தோரியேசி என்றும் 2016-இல் அஸ்ஃபோடிலேசி என்றும் சொன்னபோது செடிக்கூட்டம் ஒன்றுதான், எந்தப் பெயரைத் தக்கவைப்பது என்பதில் மட்டும்தான் முடிவு மாறியது.

5. சிற்றினப் பெயரைச் சரிசெய்த பிறகுதான் குடும்பம்

என் வேலை கெட்டது நான் குடும்பத்திலிருந்து தொடங்கியதால். நீங்கள் கீழிருந்து மேலே போங்கள். முதலில் எழுத்துப்பிழை, பிறகு ஏற்கப்பட்ட சிற்றினப் பெயர், அதன் பேரினம், கடைசியில் குடும்பம். பேரினம் சரியாகிவிட்டால் குடும்பம் தானாகக் கிடைக்கும்.

பேரினங்களிலும் நிறைய நகர்ந்துவிட்டன. கருவேலம் இப்போது அகேசியா இல்லை, வாசெல்லியா நிலோட்டிகா. சீமைக்கருவேலம் புரோசோபிஸிலிருந்து 2022-இல் நெல்டுமாவுக்குப் போனது. இரண்டுமே ஃபேபேசியில்தான் இருக்கின்றன. ஆனால் பழைய பேரினப் பெயரோடு தேடினால் சில தளங்களில் இணைப்பெயர்ப் பக்கத்தோடு நின்றுவிடுவீர்கள். அதிலிருந்து ஏற்கப்பட்ட பெயருக்கு ஒரு படி தாண்டிப் போக மறக்காதீர்கள்.

பெயர்கள் நூற்றுக்கு மேல் இருந்தால் மொத்தமாகப் பொருத்திப் பார்க்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். உலகப் பல்லுயிர்த் தரவுத்தளமான ஜிபிஐஎஃப் தளத்திலும் வேர்ல்டு ஃபுளோராவிலும் உண்டு. இங்கே ஒரு பொறி. தாவரத்துக்கும் விலங்குக்கும் பெயரிடல் விதி தனித்தனி என்பதால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருக்கலாம். மல்பெரிச் செடியின் பேரினம் மோரஸ், ஒரு கடற்பறவையின் பேரினமும் மோரஸ். ஆலும் அரசும் இருக்கும் ஃபைக்கஸ் என்ற பெயரிலேயே கடல்நத்தையும் உண்டு. எல்லா உயிர்களையும் வைத்திருக்கும் தளத்தில் தேடும்போது தாவர உலகம் என்று முதலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு.

கருவி "ஓரளவு பொருந்துகிறது" என்று காட்டும் ஒவ்வொன்றையும் கையால் பாருங்கள். ஓரெழுத்து வித்தியாசத்தில் வேறு செடியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

6. மொத்தமாகச் சேர்ந்தவையும் சிதறிப்போனவையும்

சில பழைய குடும்பங்கள் அப்படியே இன்னொன்றுக்குள் போயின. அஸ்கிளிபியடேசி முழுவதும் அபோசைனேசிக்குள், ஆகவே எருக்கும் அரளியும் ஒரே குடும்பம். பாம்பகேசியும் ஸ்டெர்குலியேசியும் மால்வேசிக்குள், ஆகவே இலவமரமும் செம்பருத்தியும் ஒன்று. மாதுளைக்கென்று இருந்த பியூனிகேசி லித்ரேசிக்குள் போனது. லீயேசி வைட்டேசிக்குள் அடங்கியது. இவற்றில் குடும்பப் பெயரை மொத்தமாக மாற்றினாலும் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து சிதறியவற்றில். இவற்றில் "கண்டுபிடி, மாற்று" கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

வெர்பினேசி: தேக்கு, நொச்சி, குமிழ் ஆகியவை லேமியேசிக்குப் போயின. அலையாத்தி அகாந்தேசிக்குப் போனது. பவழமல்லியைச் சில பழைய நூல்கள் இங்கே வைத்திருந்தன, அது ஓலியேசி. உன்னியும் பொடுதலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பூங்கொத்தைப் பாருங்கள். உன்னிச்செடியின் தலையில் வெளிவட்டப் பூக்கள் முதலில் மலரும், நடுவில் மொட்டு காத்திருக்கும். நொச்சியின் சிறு கொத்து ஒவ்வொன்றிலும் நடுப்பூ முதலில் விரியும், பக்கத்துப் பூக்கள் பிறகு. இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் இன்று சொல்லப்படும் வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. கையில் கிளையை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் இந்தப் பிரிவினை எனக்கு மனத்தில் பதிந்தது.

யூஃபோர்பியேசி: ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி, கள்ளிகள் நகரவில்லை. நெல்லியும் கீழாநெல்லியும் ஃபில்லாந்தேசி. ஒரு நெல்லிக்கொட்டையை உடைத்துப் பாருங்கள். மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. ஆமணக்கிலும் மூன்று அறைதான், ஆனால் அறைக்கு ஒன்றாக மூன்றே விதை. கிள்ளினால் நெல்லியில் பாலும் வராது.

லில்லியேசி: மிக மோசமாகச் சிதறியது இதுவாகத்தான் இருக்கும். செங்காந்தள் கோல்சிகேசி, தண்ணீர்விட்டான் அஸ்பராகேசி, கற்றாழை அஸ்ஃபோடிலேசி, வெங்காயம் அமரில்லிடேசி. பழைய பட்டியலில் லில்லியேசி என்று கண்டால் ஒவ்வொரு பெயரையும் தனியாகத் தேடுங்கள்.

ஸ்க்ரோஃபுலாரியேசி: நீர்ப்பிரமி பிளாண்டஜினேசிக்கு, வேரில் ஒட்டி வாழும் சுடுமல்லி ஒரோபாங்கேசிக்கு, டொரீனியா லிண்டெர்னியேசிக்கு.

ஃபிளகோர்ஷியேசி: இந்தப் பெயரே போய்விட்டது. ஃபிளகோர்ஷியா பேரினம் சாலிகேசிக்கும், ஹிட்னோகார்பஸ் அகாரியேசிக்கும் போயின.

மா, வேம்பு, வில்வம், வாழை, பூசணி, கத்தரி எல்லாம் பழைய குடும்பத்திலேயே இருக்கின்றன. அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

7. ஒரே பெயர், இரண்டு பொருள்

ஃபேபேசி என்று எழுதியிருந்தால் உடனே "சரி, இது மாறவில்லை" என்று தாண்டிப் போகாதீர்கள். அந்தப் பெயருக்கு அகலப் பொருளும் உண்டு, குறுகிய பொருளும் உண்டு. அகலமாக எடுத்தால் அவரை, கொன்றை, புளி, தொட்டாற்சிணுங்கி அனைத்தும் அடக்கம். குறுக்கினால் அவரைப்பூ வடிவம் கொண்டவை மட்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? அதே பட்டியலில் சிசால்பினியேசியோ மைமோசேசியோ எங்காவது ஒரு தடவை இருந்தாலும் போதும், அங்கே ஃபேபேசி குறுகிய பொருளில்தான் வருகிறது. எண்ணிக்கையை ஒப்பிடுகிறவர்கள் இதில் கட்டாயம் மாட்டிக்கொள்வார்கள். பழைய பட்டியலில் ஃபேபேசி 20, புதியதில் 45 என்று பார்த்துவிட்டுச் செடிகள் பெருகிவிட்டன என்று எழுதிவிடக் கூடாது. மால்வேசிக்கும் இதே சோதனை பொருந்தும்.

துணைக்குடும்பம் எழுதும் வழக்கம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2017-இல் ஃபேபேசியை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். மந்தாரை செர்சிடாய்டியில், புளி டெட்டாரியாய்டியில். தொட்டாற்சிணுங்கியின் கூட்டம் சிசால்பினியாய்டிக்குள் அடங்கிவிட்டது. ஆக, சிசால்பினியாய்டி என்ற பெயர் 2017-க்கு முன்னும் பின்னும் ஒன்றைக் குறிக்காது.

8. அறிஞர்கள் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு முடிவு எடுங்கள்

ஏபிஜி 4 போராஜினேசியை ஒரே குடும்பமாக வைக்கிறது. அதே 2016-இல் அந்தக் குடும்பம் அடங்கும் துறையின் வல்லுநர் குழு அதைப் பதினொரு குடும்பங்களாகப் பிரித்தது. அந்தக் கணக்கில் நறுவிலி கார்டியேசி. கீனோபோடியேசியை ஏபிஜி அமராந்தேசிக்குள் வைக்கிறது, தனியாக வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, பட்டியலின் தலைப்பிலேயே எழுதி, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை, அடுத்ததற்கு வேறு முறை என்று கலந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: ஏபிஜி 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுக் கருத்தைக் குறிப்பு நெடுவரிசையில் போடுங்கள்.

9. தாளிலும் பலகையிலும் எழுதுவது

உலர்தாவரத் தாளில் இருக்கும் பழைய சீட்டைக் கிழிக்கவோ, அதன் மேல் ஒட்டவோ, பெயரை அடிக்கவோ கூடாது. பக்கத்தில் புதிய திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். அதில் இன்றைய பெயர், ஆசிரியர், குடும்பம், முறை, யார் பார்த்தது, தேதி ஆகியவை இருக்கட்டும். செடியைப் பார்க்காமல் பெயரை மட்டும் புதுப்பித்திருந்தால் அதையும் எழுதுங்கள். மாதிரியைப் பார்த்து உறுதிசெய்ததும் பட்டியலில் பெயரை மாற்றியதும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. சீட்டுக்கு அமிலமற்ற காகிதம் வாங்குங்கள், மலிவான காகிதம் பழுத்து மாதிரியையும் கெடுக்கும்.

தோட்டத்துப் பலகைதான் செலவு வைக்கும் இடம். பட்டியல் முழுவதும் முடிந்து இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்க்கும் வரை எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். தமிழ்ப் பெயரை நிலையான தகட்டில் வெட்டலாம். குடும்பத்தையும் அறிவியல் பெயரையும் கழற்றி மாட்டக்கூடிய தனிப் பட்டையில் போடுங்கள். அடுத்த தடவை பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

10. நேரக் கணக்கு

முதல் 50 பெயர்களுக்கு எனக்கு ஒரு முழு நாள் போனது. கை பழகியதும் ஒரு நாளில் 100 பெயர் வரை பார்க்க முடிந்தது. 600 பெயருக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு, சிக்கலான பெயர்களுக்கு இன்னொரு வாரம் ஒதுக்குங்கள். தாள்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் அலமாரியில் இடம் மாற்றுவதும் இந்தக் கணக்கில் சேராது.

பெயரிடல் விதிகளைத் திருத்தும் உலகத் தாவரவியல் மாநாடு ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. 2017-இல் ஷென்ஜெனிலும் 2024-இல் மாட்ரிட்டிலும் நடந்தது. தரவுத்தளங்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை, இடையிலேயே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, "பார்த்த நாள்" நெடுவரிசையை வரிசைப்படுத்தி, மிகப் பழையவற்றிலிருந்து மறுபடி பாருங்கள். பார்த்து மாற்றம் ஏதும் இல்லை என்றாலும் தேதியை மட்டும் புதுப்பித்துவிடுங்கள்.